மெஷின் சொன்னதும் மகன் சொன்னதும்

என் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், வருகிறவர்கள் “பொண்ணு ஓசூர்ல என்ன வேலை பாக்குது?” என்று கேட்டால், அப்பா யோசிக்காமல் “எடை போடுது” என்று சொல்லிவிடுவார். எங்கள் உத்தனப்பள்ளிப் பக்கத்தில் எடை போடுகிறவர் என்றால் தக்காளி மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தான். வேதியியலில் எம்.எஸ்சி. படிக்க வைத்துப் பெண்ணை மண்டிக்கா அனுப்பினார்கள் என்று வந்தவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அவர்கள் போன பிறகு, “மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு சொல்லக் கூடாதாப்பா?” என்று சண்டை போடுவேன். “அதத்தான சொன்னேன்? மூலக்கூற எடை போடற மெஷினுன்னு நீதான சொன்ன?” என்பார். சொன்னது நான்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

எங்கள் ஆய்வகம் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் போல்ட்டு செய்யும் கம்பெனி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி. மாம்பழக் கூழ், ராகி, புளி, ரோஜா, கிணற்றுத் தண்ணீர் என்று எது வந்தாலும் அதில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பார்க்கிறது நான் இல்லை, மெஷின். இரண்டு மைக்ரோவேவ் அடுப்பை ஒட்டி வைத்தது போல மேசை மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே “இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

அது வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. பழத்தை அரைத்து, அதில் இருக்கக்கூடிய மருந்தைக் கரைப்பானில் இறக்கி, அதிலிருந்து ஒரு துளியிலும் துளியை மெஷினுக்குள் ஊசியால் செலுத்துவோம். உள்ளே சூட்டில் அது ஆவியாகி, முடி அளவு மெல்லிய நீளமான குழாய் வழியாகப் போகும். கலந்து உள்ளே போன பொருட்கள் அந்தக் குழாயைக் கடக்கும்போது பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வருகிற இடத்தில் காற்றே இருக்காது. அங்கே ஒரு கம்பி பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் மூலக்கூறின் மேல் மோதும். மோதியதும் அது மின்னேற்றம் பெற்று உடையும். கண்டபடி உடையாது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பலவீனமான இடங்கள் உண்டு, அங்கேதான் உடையும், எப்போதும் அதே துண்டுகளாகத்தான் உடையும்.

அந்தத் துண்டுகள் நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவே ஓடவேண்டும். ஷிப்டு நேரத்தில் எங்கள் ரோட்டோரம் நூறு பேர் நின்றாலும், ஒரு கம்பெனி பஸ் வந்தால் அந்த யூனிபார்ம் போட்டவர்கள் மட்டும்தான் ஏறுவார்கள். தண்டுகளில் மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற, இங்கேயும் அப்படி ஒரு நேரத்தில் ஒரே எடையுள்ள துண்டுகள் மட்டும்தான் கடந்து போகும், மற்றவை தண்டில் முட்டி நின்றுவிடும். கடந்து வந்தவற்றைக் கடைசியில் ஒரு கருவி எண்ணும். எந்த எடையில் எத்தனை என்பது கணினித் திரையில் உயரமும் குட்டையுமான கோடுகளாக விழும். அந்தக் கோடுகளின் வரிசையைப் பார்த்தால் உள்ளே போனது எது என்று தெரிந்துவிடும். இது அத்தனையும் நடக்க வெற்றிடம் வேண்டும். காற்று இருந்தால் துண்டுகள் அதில் மோதிச் சிதறிவிடும். அதனால் ஒரு பம்பு இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த மெஷினுக்கு நான் ரொம்ப நன்றிக்கடன் பட்டவள். இதனால்தான் எனக்குச் சம்பளம், இதனால்தான் வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை. ஆனால் இப்போது நான் நன்றி சொல்ல நினைப்பது வேறு சிலருக்கு. அவர்களில் ஒருவர் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி அம்மா.

அவர் ஒரு மாங்காய் சீசனில் வந்தார். சான்றிதழ் கொடுப்பவர்களின் ஆய்வாளர் தோட்டத்திலேயே பறித்து, முத்திரை வைத்துக் கொடுத்த பெட்டி. கூரியரில் அனுப்பினால் போதும். இவர் நம்பவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி மாறி அவரே கொண்டுவந்து சேர்த்தார். பெங்களூரா மாங்காய், காம்பில் பால்கூடக் காயவில்லை.

வந்தவர் உடனே கிளம்பவில்லை. மெஷினைப் பார்க்கவேண்டும் என்றார். கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டினேன். அவர் “இவ்வளவுதானா” என்று கேட்கவில்லை, அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தோட்டத்துக் கதையைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன்பு அவர் கணவர் மாமரங்களுக்கு மருந்து அடிக்கும்போது அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். மகன்தான் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்திருக்கிறான். உயிர் தப்பியது, ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. அன்றைக்கே இந்த அம்மா இனி தோட்டத்துக்குள் மருந்து வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று வருடம் மருந்தில்லாமல் செய்து காட்டினால்தான் இயற்கை வேளாண்மைச் சான்றிதழ். இது மூன்றாவது வருடம். இதில் ஏதாவது தென்பட்டால் மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

“இது பொய் சொல்லாதா கண்ணு?” என்று கேட்டார்.

“சொல்லாதும்மா. மனுசங்க சொல்லலாம், இது சொல்லாது” என்றேன், என்னமோ நானே பெற்றெடுத்த மெஷின் போல.

முறைப்படி பெட்டியில் பாதியை அப்போதே உறையில் போட்டு முத்திரை வைத்து ஃப்ரீசர் என்கிற ஆழ்உறைபெட்டியில் வைத்தோம். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் எடுத்துப் பார்ப்பதற்காக. மீதிப் பாதி மாதிரி அறையில் டிரேயில் இருந்தது. அடுத்த நாளே அரைத்திருக்கவேண்டும். ஆனால் அந்த வாரம் பார்த்து பம்பு மக்கர் செய்தது. அதைச் சரிசெய்ய மெஷினை நிறுத்திக் காற்றை உள்ளே விடவேண்டும், பிறகு மறுபடி வெற்றிடம் வரும்வரை காத்திருக்கவேண்டும். மாங்காய் காத்திருந்தது. காத்திருந்த மாங்காய் பழுக்க ஆரம்பித்தது.

மெஷின் சரியானதும் அந்தப் பழங்களைத் தோலோடு அரைத்துப் போட்டேன். திரையில் மூன்று கோடுகள் நின்றன. 251, 253, 255. புரோமின் என்கிற தனிமம் இயற்கையில் இரண்டு எடையில் இருக்கும், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு துண்டில் இரண்டு புரோமின் இருந்தால், இரண்டும் லேசானது, ஒன்று லேசு ஒன்று கனம், இரண்டும் கனம் என்று மூன்று எடை வரும். நடுவில் உள்ளது மற்ற இரண்டையும்விட இருமடங்கு உயரமாக நிற்கும். இந்த எடையில் இப்படி நிற்பது டெல்டாமெத்ரின் என்கிற பூச்சிமருந்து. மாமரம் தானாக இதைச் செய்யாது. யாரோ கொண்டுவந்து போட்டால்தான் உண்டு.

ஒன்றும் இல்லாத வெறும் கரைப்பானைப் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பழத்தை இன்னொரு முறை போட்டேன், அதே மூன்று கோடு. ரிப்போர்ட் எழுதினோம், அனுப்பினோம்.

ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில் அந்த அம்மா எங்கள் வரவேற்பறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் விறைப்பாகவே போனேன். அவர் குரலே உயர்த்தவில்லை.

“எம் பையந்தான் அடிச்சிருக்கணும் கண்ணு. போன வருசம் தத்துப்பூச்சி வந்து பூவெல்லாம் கருகிப் போச்சி. ஒரே ஒரு தடவ மருந்து அடிச்சா என்னம்மான்னு அப்பவே எங்கிட்ட மல்லுக்கு நின்னான். இந்த வருசம் அவன் டேங்க்க முதுகுல மாட்டிக்கிட்டு மரத்துக்குள்ள போனத பக்கத்துத் தோட்டத்துல பாத்திருக்காங்க. கேட்டா வேப்பெண்ணெங்கறான். அப்பன் தலைல அடிச்சி சத்தியம் பண்றான். மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான சொன்ன? அப்ப அவன் சொல்றதுதான பொய்யி?”

மகன் இங்கே ஓசூரில்தான் ஸ்கூட்டர் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருந்தான், லீவு நாளில் ஊருக்குப் போய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இந்த அம்மா அவனிடம் பேசவில்லை. அவனும் தங்கியிருந்த ரூமை விட்டு ஊருக்கு வரவில்லை.

“இன்னொரு தடவ பாத்து நெசத்தச் சொல்லு. தோட்டம் இன்னும் மூணு வருசம் ஆனாலும் ஆவட்டும், நான் பாடுபட்டுக்கறேன். அவங்கப்பன தோள்ல தூக்கிட்டு வந்த பையன் எங்கிட்ட இப்படிப் பொய் சொல்வானா, மாட்டானா? எனக்கு அது தெரிஞ்சா போதும்.”

“இங்கேயே இருங்கம்மா, இன்னிக்கே பாத்துச் சொல்றேன்” என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஆழ்உறைபெட்டியில் முத்திரை பிரிக்காமல் இருந்த மறுபாதியை எடுத்தேன். மேனேஜரிடம் சொன்னேன். அவர் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகப் பக்கத்திலிருந்து வருகிறவர், பேச்சில் கன்னடம் கலக்கும், எதற்கும் லேசில் அசையமாட்டார். “மாடு, மாடும்மா, செய்யி. ஆனா அதே ரிசல்ட்தான் வரும்” என்றார். அரைத்தேன், இறக்கினேன், போட்டேன். 253 வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொரு துளி போட்டேன். அப்போதும் இல்லை.

ஒரே தோட்டத்துக் காய், ஒரே பெட்டி. உறையில் இருந்த பாதி சுத்தம், டிரேயில் இருந்த பாதி விஷம். அப்படியானால் மருந்து சிங்காரப்பேட்டையில் படவில்லை, எங்கள் கூரைக்குக் கீழேதான் பட்டிருக்கிறது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எப்படி வந்துச்சுன்னு காரணம் எழுதாம ரிப்போர்ட்ட மாத்துனா அவங்க ஒத்துக்கமாட்டாங்க. காரணம் வேணும்” என்றார்.

காலி டிரேயைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் கரைப்பானில் நனைத்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று கோடும் திரையின் உச்சிக்குப் போய் முட்டின. டிரே முழுக்க டெல்டாமெத்ரின். எங்கிருந்து? தரம் பார்க்க வைத்திருக்கும் எங்கள் சொந்த மருந்துக் குப்பிகள் வேறு அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. பூச்சி மருந்து அடிக்க வெளியாட்கள் யாரும் வரவில்லை. ஏ.சி. வழியாக வந்ததோ என்று ஏ.சி. வடிகட்டியைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். எரிச்சலில் பார்க்கிறவர்களை எல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தேன்.

மாதிரி அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. வருகிற பெட்டிகளை வாங்கி, எண் போட்டு, அடுக்கி, சுத்தமாக வைத்திருப்பவர். நான் கத்துவதைக் கேட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

“அது எதுக்குப் போடற மருந்து பாப்பா?”

“எல்லாத்துக்கும்தான். செடிக்கு அடிப்பாங்க. கொசு, கரப்பான், எறும்பு.”

அக்கா வெளியே போனார். நானும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பாதி தேய்ந்த ஒரு சாக்பீஸ் இருந்தது. எறும்புச் சாக்பீஸ். நம் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் சர்க்கரை டப்பாவைச் சுற்றி வட்டம் போடுகிறோமே, அது.

“இதி சூடு பாப்பா, இதுவா பாரு. தணிக்கைக்கு வந்தவங்க மாதிரி ரூம்ல எறும்பு இருக்குன்னு எழுதிட்டுப் போனாங்கள்ல, மேனேஜர் சார் எல்லாரயும் திட்டினாரே. அதுக்கோசரம் சாயந்தரம் கெளம்பும்போது டிரேயச் சுத்திக் கோடு போட்டுட்டுப் போவேன். காலைல நீங்க வர்றதுக்குள்ள துணியில தொடச்சிடுவேன், பாக்க அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு. மாங்கா மேல எறும்பு ஏறியிருந்தா அந்தத் துணியாலயே மாங்காவையும் தொடப்பேன்.”

சாக்பீஸிலிருந்து கொஞ்சம் தூளைச் சுரண்டிக் கரைத்துப் போட்டேன். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 251, 253, 255. நடுவில் உள்ளது இருமடங்கு உயரம்.

வருகிற ஒவ்வொரு மாதிரியிலும் கடுகளவு பூச்சிமருந்துகூட இருக்கிறதா என்று தேடுகிற இடத்தில், அந்த மாதிரிகளைக் காப்பாற்றுவதற்காக நாங்களே பூச்சிமருந்தால் கோலம் போட்டிருக்கிறோம். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அக்கா அழுதுவிட்டார். வேலை போய்விடும் என்றுதான் அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சாக்பீஸை அவர் குப்பையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டோம். அதுவரை வந்திருந்த மற்ற மாதிரிகள் எல்லாம் மூடிய பாட்டிலிலும் பையிலும் இருந்தவை, இந்தப் பழம் மட்டும்தான் திறந்து கிடந்தது. இனி ஒருபோதும் கோடு போடாமல் இருந்தால், எல்லாம் அடங்கிப் போயிருக்கும். அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் கிடந்தது மட்டும் அடங்கியிருக்காது. அக்காவை அன்றைக்கு நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மேனேஜர் சாக்பீஸையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடமிருந்து ஒரு வசவை எதிர்பார்த்து இரண்டு பேரும் நின்றோம். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய ரிப்போர்ட் தவறு, மாசு எங்கள் ஆய்வகத்தில் ஏற்பட்டது, தோட்டத்துக் காயில் மருந்து இல்லை என்று அவரே தட்டெழுதினார். கம்பெனிக்குப் பேர் கெடும் என்று தெரிந்தேதான் எழுதினார். சான்றிதழ்க்காரர்களுக்கு அவரே போன் போட்டு, சாக்பீஸ் கதையையும் கூச்சப்படாமல் சொன்னார். அக்காவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “நாளையிலருந்து டிரே ஸ்டாண்டு காலுக்குக் கீழ தண்ணிக் கிண்ணம் வைம்மா, எங்க வீட்ல அப்படித்தான்.” கஞ்சன், சிடுமூஞ்சி என்று அவரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. அன்றிலிருந்து கஞ்சன் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

வெளியே அந்த அம்மா காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தார். கொடுத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பு அக்கா முந்திக்கொண்டார்.

“உங்க பையன் ஒண்ணும் பண்ணலம்மா. நாந்தான் பண்ணேன்.” உள்ளங்கையை விரித்துச் சாக்பீஸைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த அம்மா சாக்பீஸைப் பார்த்தார். “எறும்பு திங்கக் கூடாதுன்னுதான போட்ட? நாங்களுந்தான் ஊட்ல போடறோம்” என்றார். அக்காவின் விரல்களை மடக்கி மூடிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் கண் கலங்கியது.

நான் திருத்திய ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் வாங்கி மடித்துப் பையில் வைத்தார், படிக்கவில்லை. “நீயே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லு கண்ணு. நான் போட்டா எடுக்கமாட்டான். எடுத்தாலும் சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சிக்குவான்” என்று நம்பரைச் சொன்னார்.

ஆய்வகத்துச் செல்போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டேன். முதல் ஷிப்டு முடிந்து வெளியே வந்திருந்தான் போல, பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. யார் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, “தம்பி, உங்க தோட்டத்து மாங்காய்ல மருந்து எதுவும் இல்ல. மருந்து எங்க ரூம்ல பட்டிருக்கு. தப்பு எங்களோடது” என்றேன்.

 

“எங்கம்மாவுக்குத் தெரியுங்களா?” என்றான்.

“இங்கதான் பக்கத்துல இருக்காங்க.”

“நம்பிட்டாங்களா?”

சான்றிதழ் கிடைக்குமா, தோட்டம் என்ன ஆகும் என்று எதுவும் அவன் கேட்கவில்லை. நான் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும் சாமி” என்றார். “பெத்த புள்ளய நம்பறதுக்கு எனக்கு மெஷின் வேண்டியிருந்திச்சி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அங்கயே இரும்மா. ஆட்டோ புடிச்சி வரேன்” என்றான்.

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெஞ்சில் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, இன்னொருவர் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.